நெஞ்சுக் கூட்டில் ஒரு கொரில்லா

சுவாசப்பைக்குள்ளே ஒரு கொரில்லாக் குரங்கு நின்றுகொண்டிருந்தால், படம் பார்க்கும் டாக்டருக்கு அது தெரியுமா, தெரியாதா?

"இதென்ன ஐயா கேள்வி? டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்ப்பார்; பிறகு நாற்காலியை விட்டு எழுந்து ஓடுவார்" என்று நேயர்கள் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் நடந்ததோ வேறு.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்களான டிராஃப்டன் ட்ரூ, மெலிஸா வோ, ஜெரமி உல்ஃப் என்னும் மூவர் 2013-ம் வருஷத்தில் ஒரு விசித்திரமான பரீக்ஷையின் முடிவை வெளியிட்டார்கள். எக்ஸ்-ரே படங்களையும் ஸ்கேன் படங்களையும் பார்த்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட 24 நிபுணர்களை அழைத்து, நெஞ்சின் ஸ்கேன் படங்களில் உள்ள சிறு கட்டிகளைத் தேடிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். கடைசிப் படத்தில் மட்டும் ஒரு குறும்பு செய்திருந்தார்கள். நுரையீரலின் உள்ளே ஒரு கொரில்லாவின் உருவத்தைப் புகுத்தியிருந்தார்கள். சாதாரணக் கட்டியைக் காட்டிலும் அது 48 மடங்கு பெரியது! 24 பேரில் 20 பேர் அதைக் கவனிக்கவேயில்லை. அவர்களுடைய கண்கள் எங்கெங்கே போகின்றன என்று ஒரு கருவி குறித்துக்கொண்டிருந்தது. காணவில்லை என்று சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் பார்வை நேரே கொரில்லாவின் மேலேயே விழுந்திருந்ததாம்!

"நிபுணர்களின் லக்ஷணம் இவ்வளவுதானா?" என்று சிரிக்கத் தோன்றும். நான் சிரிக்கவில்லை. வருஷத்துக்கு மூன்று தடவை நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்துகிறவன் நான். ஒரு சமயம், கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றிய விடையின் நடுவே ஒரு பிள்ளையாண்டான் கிரிக்கெட் ஆட்டத்தை ஆறு வரி வர்ணித்திருந்தான். நான் அந்த விடைக்குப் பத்துக்கு ஏழு மார்க் கொடுத்திருந்தேன். விடைத்தாள் கைக்குப் போனதும் வகுப்பு முழுவதும் அதைச் சுற்றிச் சிரித்தபோதுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது. ஆண்டும் பெயரும் இருக்கின்றனவா என்று தேடிய கண்ணுக்கு மற்றது தென்படவில்லை. தேடுவதைத்தான் கண் காணும் போலும்.

ஆனால் என் பிழையால் யாருடைய உயிரும் போய்விடவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பீடி, சிகரெட், பொடி ஒன்றையும் தொட்டறியாதவர். சில வருஷங்களுக்கு முன் அவருக்கு இருமல் வந்தது. ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். வலது பக்கம் மேலே ஒரு நிழல் இருந்தது. சளியைச் சோதித்ததில் கிருமி அகப்படவில்லை. இருந்தாலும், "க்ஷயமாகத்தான் இருக்கும்" என்று தீர்மானித்து ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். மனுஷர் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். ஆறு மாத முடிவில் இருமல் அப்படியே இருந்தது. சட்டைதான் தொளதொளவென்று ஆகிவிட்டது. வேறோர் ஊரில் வேறொரு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்து, ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். அதற்குள் அது எலும்புக்குப் பரவியிருந்தது.

இரண்டாவது டாக்டர், நாங்கள் கொண்டுபோயிருந்த பழைய எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "அப்போதே இருக்கிறது. ஓரத்தைப் பாருங்கள், கதிர் கதிராக இருக்கிறது அல்லவா?" என்றார். அவர் காட்டியபின் எனக்குக்கூடத் தெரிந்தது. டிராயிங் மாஸ்டர் அதன் பிறகு பதினோரு மாதம் இருந்தார்.

முதலில் பார்த்த டாக்டரை நான் திட்டத் தயாராயில்லை. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இந்த நாட்டில் நெஞ்சின் மேற்புறத்தில் நிழலைக் கண்டதும் முதலில் க்ஷயத்தை நினைப்பது அறியாமையும் அல்ல, அலட்சியமும் அல்ல. ஆயினும் அந்த ஆறு மாதம் போனது போனதுதான்.

நுரையீரல் புற்றுநோயின் சூழ்ச்சியே இதில்தான் இருக்கிறது. நுரையீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. கட்டி உள்ளே வளர்கிறபோது ஆசாமி மாடிப்படி ஏறுகிறார், கல்யாணத்துக்குப் போகிறார், சம்பந்தியோடு சண்டை போடுகிறார். இருமலில் ரத்தம் கண்டு டாக்டரிடம் ஓடுவதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. 2022-ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 18 லக்ஷம் பேர் இந்நோயினால் இறந்தார்கள். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை பேரைக் கொண்டுபோகவில்லை. கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டு அறுத்தெடுத்துவிட்டால் பிழைப்பவர் அநேகர்.

சிறிது என்றால் எவ்வளவு சிறிது? ஓர் உளுந்து அளவு. 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கட்டி 5 மில்லிமீட்டர் ஆனால், கண்ணுக்கு வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் கோளத்தின் கனபரிமாணம் போட்ட ஞாபகம் உள்ளவர்கள் கணக்குப் பண்ணிப் பார்க்கட்டும்: கட்டி ஏறக்குறைய இரட்டித்திருக்கும். இதைக் கண்ணால் அளப்பது எப்படி?

ராண்ட்ஜன் 1895-ல் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். அதில் விலா எலும்பும் இருதயமும் கழுத்தெலும்பும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து பலவற்றை மறைக்கும். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்த ஹௌன்ஸ்பீல்டின் ஸி.டி. ஸ்கேன், வாழைக்காயைச் சீவுவதுபோல் உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டிற்று. ஆனால் ஒருவருடைய நெஞ்சுக்குச் சில நூறு துண்டுகள்! அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த நோயாளி. அதற்குப் பிறகு அதற்கடுத்தவர்.

அமெரிக்காவில் கடும் புகைப் பழக்கமுள்ள 53,454 பேரைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒன்றாக மூன்று முறை குறைந்த கதிர்வீச்சுள்ள ஸி.டி. எடுத்தார்கள்; மற்றப் பாதிக்குச் சாதாரண எக்ஸ்-ரே. 2011-ல் வெளியான முடிவு இது: ஸி.டி. எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு இருபது வீதம் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் "சந்தேகம்" என்று சொல்லப்பட்ட படங்களில் நூற்றுக்கு 96-க்கு மேல் வெறும் பயங்காட்டல்! பழைய தழும்பு, ஆறிய புண், ஒன்றுமில்லாத முடிச்சு. அவற்றுக்காகவும் மறுபடி ஸ்கேன், சிலருக்கு ஊசி, வீட்டிலுள்ளவர்களுக்கெல்லாம் தூக்கமில்லாத இரவுகள்.

செயற்கை நுண்ணறிவு என்று இந்தக் காலத்தில் எல்லாரும் பேசுகிறார்களே, அது இந்த இடத்தில்தான் வந்து சேருகிறது. பெயர்தான் பயமுறுத்துகிறதே தவிர, யந்திரம் படிக்கும் விதம் நமக்குப் பழக்கமானது. காக்கைக்கும் குயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழந்தைக்கு யாரும் இலக்கணமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. "இது காக்கை, இது குயில்" என்று காட்டிக்கொண்டே போகிறோம். தப்பாகச் சொன்னால் திருத்துகிறோம். ஒரு நாள் குழந்தை தானே சொல்லிவிடுகிறது. யந்திரத்துக்கும் அப்படியே ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இன்னாருக்குப் பின்னால் புற்றுநோய் வந்தது, இன்னாருக்கு வரவில்லை என்று விடையையும் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தப்புக்கும் அது தன்னுள்ளே இருக்கும் லக்ஷக்கணக்கான எண்களைச் சிறிது சிறிது மாற்றிக்கொள்கிறது. நம் பிள்ளைகள் இவ்வளவு பொறுமையாகத் திருத்திக்கொண்டால் நான் என்றோ ஓய்வெடுத்துக்கொண்டிருப்பேன்.

மேற்படி அமெரிக்கப் பரிசோதனையில் எடுத்த படங்களைக் கொண்டு கூகிள் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு யந்திரத்தைப் பழக்கி, 2019-ல் அதன் தேர்ச்சியை வெளியிட்டார்கள். புற்றுநோய் உள்ளவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர் என்று இரண்டு படங்களைக் கொடுத்தால், எது அதிக ஆபத்தானது என்பதை நூற்றுக்கு 94 தடவை சரியாகச் சொல்லும் திறமை அதற்கு வந்திருந்தது. ஆறு நிபுணர்களோடும் போட்டிக்கு விட்டுப் பார்த்தார்கள். நோயாளியின் ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்லவேண்டியபோது யந்திரம் ஆறு பேரையும் வென்றது. வீண் பயங்காட்டலும் குறைவு, தவறவிட்டதும் குறைவு. ஆனால் அதே நோயாளியின் முந்தைய வருஷத்துப் படத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, நிபுணர்கள் யந்திரத்துக்குச் சமமாக வந்துவிட்டார்கள்!

எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் மிகவும் பிடித்தது. பத்திரிகைகளில் இதைப் பெரிய எழுத்தில் யாரும் போட்டதாக நினைவில்லை. பழைய படத்துக்கு அவ்வளவு மகிமை! நம் வீடுகளில் எக்ஸ்-ரே படம் என்ன கதியாகிறது? பரணில் சுருண்டு கிடக்கிறது. அல்லது கிரகணத்தன்று சூரியனைப் பார்க்கப் பையன் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். (அதுவும் செய்யக்கூடாத காரியம், கண் கெட்டுவிடும்.) அதைத் தேதி எழுதி உறையில் போட்டுப் பத்திரப்படுத்துவதற்கு எந்த யந்திரமும் வேண்டியதில்லை.

2023-ல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றைச் சேர்ந்தவர்களும் "சிபில்" என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். புராதன ரோமாபுரிக் குறிகாரியின் பெயர் அது. ஒரே ஸ்கேனைப் பார்த்து ஆறு வருஷம் வரையில் ஆபத்து எவ்வளவு என்று குறி சொல்லும். தாய்வான் தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றின் படங்களிலும் அது நன்றாகத் தேறியது. நம்மவர்களுக்கு இது முக்கியம். ஏனெனில் ஆசியாவில் புகையே பிடிக்காதவர்களுக்கும் இந்நோய் கணிசமாக வருகிறது. எங்கள் டிராயிங் மாஸ்டரைப்போல.

நிற்க. இவ்வளவு கெட்டிக்காரப் பையனைக் கண்டால் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு ஒரு சந்தேகம் எழுவது சகஜம்: எங்கே பார்த்து எழுதினான்?

நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு யந்திரத்தின் கதை 2018-ல் வெளியாயிற்று. ஜான் ஜெக் என்பவரும் கூட்டாளிகளும் மூன்று ஸ்தாபனங்களிலிருந்து ஒன்றரை லக்ஷத்துக்கு மேற்பட்ட நெஞ்சுப் படங்களைத் திரட்டினார்கள். நியூயார்க் மௌண்ட் ஸினாய் ஆஸ்பத்திரியின் படங்களில் நூற்றுக்கு 34 பேருக்கு நிமோனியா. மற்ற இரண்டு இடங்களிலும் நூற்றுக்கு ஒருவருக்குத்தான். பழகிய இடத்துப் படங்களில் யந்திரம் பிரமாதமாகச் சொல்லிற்று. புது இடத்துப் படங்களைக் கொடுத்தபோது பல தடவை தடுமாறிற்று. என்னவென்று ஆராய்ந்தால், எந்தப் படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதைப் பிழையில்லாமல் கண்டுகொள்ளும் வித்தை அதற்குக் கைவந்திருந்தது! இடது, வலது என்று அறிவிப்பதற்காகப் படத்தின் மூலையில் வைக்கும் சிறு உலோக எழுத்து இருக்கிறதே, அது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறுபடும். நோய் மலிந்த ஆஸ்பத்திரியின் அடையாளம் தெரிந்தால், நுரையீரலைப் பாராமலே "நிமோனியா" என்று சொல்லிப் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? கேள்வியை வாசிக்காமல், கேள்வித்தாள் தயாரித்த வாத்தியார் யார் என்று விசாரித்து அதற்கேற்றபடி விடை எழுதும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். யந்திரத்தின் மீது குற்றமில்லை. மார்க்கு வாங்குவதற்கு எது சுலபமான வழியோ அதை அது கற்றுக்கொண்டது.

இன்னொரு சங்கடம், விடைப் புத்தகத்தைப் பற்றியது. நுரையீரல் யந்திரங்களைப் பழக்குவதற்காக அமெரிக்காவில் 1,018 ஸ்கேன்களைத் தொகுத்து வைத்தார்கள். ஒவ்வொன்றையும் தேர்ந்த நிபுணர் நால்வர் பார்த்தார்கள். முதலில் தனித்தனியே, பிறகு மற்றவர்கள் என்ன குறித்தார்கள் என்று தெரிந்துகொண்டு மறுபடியும். 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி என்று ஒருவராவது குறித்தவை 2,669. நால்வரும் ஒருமித்துக் குறித்தவை 928. மூன்றில் ஒரு பங்கு! ஆசிரியர்களே ஒத்துக்கொள்ளாத பாடத்தை மாணவன் நூற்றுக்கு நூறு ஒப்பிக்கிறான் என்றால், எந்த ஆசிரியருடைய விடையை என்று கேட்கத்தானே வேண்டும்? பிற்பாடு வருஷங்கள் கழிந்து யாருக்குப் புற்றுநோய் வந்தது என்பதை விடையாக வைத்த யந்திரங்களின்மீது எனக்கு அதிக மதிப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

"எப்படியானாலும் டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரே, யந்திரம் தவறினால் அவர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஜெர்மனியில் கொலோன் நகரத்தார் அதையும் சோதித்து 2023-ல் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஸ்தன்யப் படங்கள். 27 டாக்டர்களிடம், "இது யந்திரம் சொன்ன அபிப்பிராயம்" என்று சொல்லிச் சில படங்களுக்கு வேண்டுமென்றே தவறான விடையைக் கொடுத்தார்கள். யந்திரம் சரியாகச் சொன்னபோது அநுபவம் குறைந்த டாக்டர்கள் நூற்றுக்கு 80 சரியாகச் சொன்னார்கள். அது தவறியபோது நூற்றுக்கு 20. மிக்க அநுபவசாலிகள்கூட 82-லிருந்து 46-க்கு இறங்கிவிட்டார்கள். பக்கத்துப் பெஞ்சுக் கெட்டிக்காரன் எழுதியதைப் பார்த்ததும், தான் எழுதிய சரியான விடையை அழித்துவிடும் பையனைப் போலத்தான்.

ஜெஃப்ரி ஹிண்டன் என்ற பேரறிஞர், படம் பார்க்கும் டாக்டர்களை இனிப் பயிற்றுவிக்கவே வேண்டாம், ஐந்து வருஷத்தில் யந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்று 2016-ல் சொன்னார். 2024-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டாக்டர்களுக்கு வேலை போகவில்லை. பரிசுக்கும் ஜோசியத்துக்கும் சம்பந்தமில்லை. அதற்கு மாறாக, இங்கிலாந்தில் வைத்திய முறைகளைச் சீர்தூக்கும் 'நைஸ்' என்ற அரசாங்க ஸ்தாபனம், நுரையீரல் புற்றுநோய் சந்தேகத்துக்காக எக்ஸ்-ரே படம் பார்க்கும் யந்திரங்களைப் பற்றி 2023-ல் நிதானமாகவே பேசிற்று: ஆராய்ச்சிக்கு உபயோகிக்கலாம், பொதுவான உபயோகத்துக்கு இன்னும் சாக்ஷியம் வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல், க்ஷயரோகத்தைச் சலித்தெடுக்க, எக்ஸ்-ரே படத்தை மனிதருக்குப் பதிலாக யந்திரம் பார்க்கலாம் என்று சிபாரிசு செய்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது பொருந்தும். படம் பார்க்கத் தெரிந்த டாக்டர் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உபகாரம். மும்பாயில் 2016-ல் தொடங்கிய கியூர்.ஏஐ கம்பெனியின் யந்திரம் இத்தகையவற்றுள் ஒன்று. அவர்கள் நுரையீரல் கட்டியைக் காட்டவும் யந்திரத்தைப் பழக்கியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அமெரிக்கப் பரிசோதனைக்கு வந்தவர்களின் நெஞ்சும் நம்முடைய நெஞ்சும் ஒன்றல்ல. க்ஷயம் வந்து ஆறிய தழும்புகளை நம்மில் எத்தனையோ பேர் சுமந்துகொண்டு நடக்கிறோம். அந்தத் தழும்பையும் இந்தக் கட்டியையும் பிரித்தறிய, நம்மவர் படங்களையும், அவர்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்ற செய்தியையும் காட்டித்தான் பழக்கவேண்டும். படம் நிறைய இருக்கிறது. நோயாளி பிறகு என்ன ஆனார் என்ற பக்கம்தான் நம் ஆஸ்பத்திரிக் குறிப்புகளில் பெரும்பாலும் காலியாக இருக்கிறது.

சென்ற மாதம் டிராயிங் மாஸ்டரின் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தப் பத்திக்காக நான் படித்துக்கொண்டிருந்ததைச் சொன்னபோது அவர் மனைவி கேட்டார்:

"ஸார், அந்த மெஷின் அப்போது இருந்திருந்தால் சொல்லியிருக்குமா?"

'நிச்சயம் சொல்லியிருக்கும்' என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "என்ன கேள்வி கேட்டுப் பழக்கியிருந்தார்களோ, அதைப் பொறுத்தது, அம்மா. க்ஷயம் உண்டா என்று மட்டும் கேட்கப் பழக்கியிருந்தால், அதுவும் க்ஷயம் என்றே சொல்லியிருக்கலாம். கட்டி இருக்கிறதா என்றும் கேட்டிருந்தால், இந்த இடத்தைப் பாருங்கள் என்று ஒரு வட்டம் போட்டிருக்கலாம். அந்த வட்டத்தைப் பார்த்து டாக்டர் ஒரு ஸ்கேன் எழுதியிருந்தால்..." என்று இழுத்தேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பழுப்பு உறையை எடுத்துவந்தார். முதலில் எடுத்த படம் அதில் இருந்தது. இரண்டாவது டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினாராம். அவர்களுடைய கல்லூரியில் இம்மாதிரி படங்களைப் பெயரை நீக்கிவிட்டுச் சேர்த்து வைக்கிறார்களாம், யந்திரத்தைப் பழக்குவதற்காக. முன்னால் எடுத்த படமும் பின்னால் என்ன வியாதி என்ற முடிவும் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வமாம். சம்மதமானால் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டுமாம்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றேன்.

அம்மாள் படத்தை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்து, அந்த மூலையைச் சற்று நேரம் பார்த்தார்.

"கொடுத்துவிடலாம், ஸார். அவரும் வாத்தியார்தானே?" என்றார்.